நாலு வயது ஞாபகம்

மறுநாள் அச்சுக்குப் போக இருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தை, உளவியல் பேராசிரியர் தம் அக்காவுக்குக் கம்பீரமாக வாசித்துக் காட்டினார்.

"நடக்காத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒருவர் மனதில் ஞாபகமாக விதைத்துவிடலாம் என்பார்கள். ஆனால் உடம்பு பட்ட வலியை அப்படி விதைக்க முடியாது. நாலு வயதில் அடுப்பிலிருந்த வெந்நீரை என் கையில் கொட்டிக்கொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது."

"அந்த வெந்நீர்க் கதையை எடுத்துடுடா," என்றாள் அக்கா.

"புத்தகமே அதுமேலதான்க்கா நிக்குது. என் மூளையையே ஸ்கேன் பண்ணிப் பாத்தாச்சு. அதை நினைச்சாலே வலிக்கான இடம் பளிச்சுன்னு தெரியுது."

"தழும்பு எங்கே?"

"சின்ன வயசுக் காயம், மறைஞ்சு போச்சு. ஞாபகம் மறையல பாத்தியா?"

அக்கா தன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். தோல் சுருங்கிக் கிடந்தது.

"இது இஸ்திரிப் பெட்டி சுட்டதுதானே?"

"அப்படின்னு உன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். வெந்நீரை இழுத்தது நீ. கொட்டினது என் கையில. அக்காவைச் சுட்டுட்டேன்னு அழுது, ரெண்டு நாள் உன் பல்லுல பச்சைத் தண்ணி படல. 'சுட்டது உன்னைத்தான்டா, ஆறிப்போச்சு'ன்னு உன் கையை ஊதி ஊதிச் சொல்லிக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் 'எரியுது'ன்னு நீயே கையை நீட்டினே. அப்புறம் தட்டையும் நீட்டினே."

பேராசிரியர் முதல் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தார்.

"அப்ப உனக்கு என்ன வயசுக்கா? ஆராய்ச்சி பண்ணினவங்க விவரம் எழுதணும்."

"எட்டு. மூணாம் வகுப்பு."