முதல் மொட்டை

"அடியே முத்தழகு, இங்கன வா. அந்தப் புள்ள மறுபடியும் தலையைச் சொறியுது பாரு!"

ஜோதிமேரி டீச்சர் ஜன்னலோரம் நின்று கிசுகிசுத்தார். பாம்பன் சிறுமியர் விடுதிக்கு அவர்தான் பொறுப்பு. சமையல் வேலை பார்க்கும் முத்தழகு கரண்டியும் கையுமாக ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

முற்றத்தில், பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் ஹாலந்துக்காரி. ஒரு கை தாளம் போட்டது. இன்னொரு கை தலையில் கட்டிய துணிக்குள் போயிருந்தது.

அவள் பெயர் அன்னெக்க. பிள்ளைகளுக்கு அன்னக்கா. சம்பளம் வாங்காமல் ஆறு மாதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள். தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கிய அன்றே, "வெள்ளைக்காரப் புள்ளைக்கு என்ன அடக்கம்!" என்று தெருவே மெச்சியது.

ஆனால் பாம்பன் அவளைச் சும்மா விடவில்லை. முதல் வாரமே மீன்குழம்பு வயிற்றைப் புரட்டி எடுத்தது. அப்புறம் வெயில், மூக்குத் தோலை உரித்தது. கடலில் கால் நனைக்கப் போனவளைச் சொறிமீன் சுட்டு, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. ஒவ்வொரு முறையும் ஜோதிமேரி தானே குற்றம் செய்தவர்போல் குன்றிப்போவார். அவளோ, "பரவால்ல டீச்சர்" என்று சிரித்துவிடுவாள்.

"வயித்துப்போக்குன்னா தண்ணி மேல பழியைப் போடலாம். பேனுக்கு யாரைச் சொல்றது?" என்று டீச்சர் பொருமினார். "ஞாயித்துக்கிழமையானா எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி அவுக அம்மாகிட்டப் பேசுவா. 'இங்கன பிள்ளைக தலையில பேனு, எனக்கும் ஒட்டிக்கிருச்சு'ன்னு சொன்னா, நம்ம மானம் கப்பலேறிரும்டீ!"

அன்று சாயங்காலமே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தலை பார்த்தார்கள். பேனுக்கு ஒரு தலை பாக்கியில்லை.

"யாருடீ கொண்டாந்தது?"

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு எல்லா விரலும் இருளம்மாளைக் காட்டின. அவள் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை அவளுக்கு.

"நான் கொண்டாரல டீச்சர்! ஊர்ல இருக்கையில எங்கம்மா சீயக்கா போட்டுத் தேச்சுத்தான் பின்னிவிடும்."

"இம்புட்டு முடியில ஒரு ஊரே குடியிருக்கலாம். வாயை மூடு. நாளைக்கு மொட்டை!"

மறுநாள் அன்னெக்கவைத் தபால் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, முடிவெட்டும் வேல்சாமியை வரவழைத்தார் டீச்சர். இருளம்மாளை முக்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றினார் வேல்சாமி. அவள் இரண்டு கையாலும் சடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசல்வரை கேட்கும்படி அழுதாள்.

கத்தரி சடையை நெருங்கியபோது வாசலிலிருந்து ஒரு சத்தம்.

"ஏலே, நிறுத்து!"

வேல்சாமி ஆடிப்போனார். பேரன் பேத்தி எடுத்தவரை அதுவரை யாரும் அப்படி அதட்டியதில்லை. அன்னெக்க தமிழ் கற்றதெல்லாம் விடுதிப் பிள்ளைகளிடம். அவளுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

"இவ ஏன் அழுவுறா டீச்சர்?"

"அது வந்து... வெயில் காலம்ல. மொட்டை போட்டா உடம்புக்குக் குளிர்ச்சி" என்று மென்று விழுங்கினார் ஜோதிமேரி.

"பொய்யிக்கா!" என்று வீறிட்டாள் இருளம்மாள். "எல்லாருக்கும் நான்தான் பேனு கொடுத்தேனாம்! அதான் மொட்டையாம்!"

அன்னெக்கவின் முகம் காதுவரை சிவந்தது. இருளம்மாளைத் தூக்கி இறக்கிவிட்டாள். முக்காலியில் தான் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். வைக்கோல் நிறக் கூந்தல் தோளில் சரிந்தது.

"எனக்கு முதல்ல. மொட்டை."

வேல்சாமி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். முத்தழகு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "பெத்தவகூட இப்பிடிச் செய்யமாட்டாளே ஆத்தா!" கருவாடு விற்க வந்து கூடையோடு வாசலில் நின்ற புஷ்பமேரி, கூடையை இறக்கிவைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜோதிமேரி ஓடிப்போய் அன்னெக்கவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தாயி! எங்க பிள்ளைக்காக இம்புட்டு அழகு முடியை நீ எதுக்கு இழக்கணும்? உனக்குப் பேனு ஒட்டுனதே எங்களாலதான். தப்பு எங்களோடது. எங்களை மன்னிச்சிரு. ஊர்ல போயி யாருகிட்டயும் சொல்லிராத!"

அன்னெக்க தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு டீச்சர். எங்க ஊர்லயும் நான் சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடத்துலதான் வேலை பார்த்தேன். இது பாம்பன் பேனு இல்ல, டிக்கெட் எடுக்காம ஏரோப்பிளேன்ல என்கூட வந்தது."