பென்சில்வேனியா முடியட்டும்

“பென்சில்வேனியா என்னாச்சுடா?”

“இன்னும் எண்ணிக்கிட்டுதான் இருக்கான். அமெரிக்காவுல யாரு ஜெயிச்சா உங்களுக்கென்னண்ணே? உங்களுக்கு அங்க ஓட்டா இருக்கு?” என்றான் சுரேஷ்குமார். துபாய் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் அவன் போனைப் பாண்டித்துரை பிடுங்காத குறை.

“தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்டா. நம்ம மேனேஜர் அமெரிக்காக்காரன். போன தடவை அவன் கட்சி தோத்தப்ப ஒருத்தனுக்காவது லீவு குடுத்தானா? எக்ஸிட் போல் ஒண்ணு சொல்லுது, எண்ணிக்கை ஒண்ணு சொல்லுது. நம்ம ஊர்ல மிஷினைத் தட்டி மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பான்!”

சைட்டில் இறங்கும்போது முடிவு வந்துவிட்டது. மேனேஜரின் கட்சிக்கே வெற்றி.

பாண்டித்துரை லீவு பேப்பரோடு ஓடினார். அறையில் மேனேஜர் வால்ட்டர், வாயெல்லாம் சிரிப்பாக, அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என் கட்சி ஜெயிக்கும்வரை ஊரில் கால் வைப்பதில்லை என்று சபதம், பாய்! இன்றோடு கலாஸ், சபதம் முடிந்தது. இப்போதுதான் ராஜினாமாவை அனுப்பினேன். இனி என் கையெழுத்து செல்லாது. அடுத்த மாதம் புது மேனேஜர் வருவார், அவரிடம் கேள்.”

பாண்டித்துரைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெட்டிக்குள் போகவிருந்த பேனாவை எட்டிப் பிடித்தார்.

“சார், நேத்துத் தேதி போட்டாவது ஒரே ஒரு கையெழுத்து…”