எட்டாம் கோடு

ஊசிக்குள் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

எட்டாவது கோட்டில் நிறுத்தினாள், மாடியில் குடியிருக்கும் நர்ஸ்.

சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டியபடி உட்கார்ந்திருந்த மாசிலாமணி அண்ணாச்சி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். என்றைக்கும் ஊசியைப் பார்க்காத மனுஷர். சுவர்க் காலண்டரைப் பார்ப்பார், முடிஞ்சுதா என்பார், இட்லித் தட்டை இழுப்பார்.

இன்றைக்குப் பார்த்தார்.

“என்னம்மா இது? தெனமும் இருவதுதான போடுவ?”

“இது புது மருந்து அண்ணாச்சி…”

அவர் முடிக்க விடவில்லை.

“புதுசுதான். மவன் நேத்து மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்தது. அதுக்காக அளவு குறையுமா?” குரல் அடுக்களைக்குப் போனது. “ஏட்டி செண்பகம், இங்க வா. நேத்து வாடகையைக் கூட்டுனேன்லா, இன்னைக்கு தாயி மருந்தைக் குறைக்கா.”

அவர் மனைவி செண்பகம் கரண்டியோடு வந்து நின்றாள். சிரித்தாள்.

நேற்றுச் சாயங்காலமும் இப்படித்தான் சிரித்தாள். பால் ஏறிட்டு, கேஸ் ஏறிட்டு, வாடகை மட்டும் கல்லு மாதிரி அங்கனயே கிடக்குமா என்று அண்ணாச்சி கேட்டபோது.

மாடி வீட்டுக்கு இதுவரை வாடகை ஐயாயிரம். ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாயிரம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு அவளுக்குச் சம்பளம் பதின்மூன்றாயிரம். மூன்று வருஷமாக அதே பதின்மூன்றாயிரம். அந்தத் தெருவில் ஏறாத சங்கதி அது ஒன்றுதான்.

“முடியலன்னா சொல்லிரு தாயி. பேங்க்காரர் ஒருத்தர் மாடியைக் கேட்டுக்கிட்டே இருக்காரு.” அதையும் நேற்றே சொல்லிவிட்டார்.

ஏழாயிரம் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பீஸ் இல்லை. கொடுக்காவிட்டால் வீடு இல்லை.

தினமும் காலையில் மாடியிலிருந்து இறங்கி, அவருக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிட்டுத்தான் டூட்டிக்குப் போவாள். காசு வாங்கியதில்லை. அவர்களும் கேட்டதில்லை. ஒரு ஊசிதானே.

பாட்டிலைத் திருப்பினாள். அந்தப் பொடி எழுத்தை மறுபடி பார்த்தாள்.

பழைய பாட்டிலில் நாற்பது என்றிருக்கும். இதில் நூறு. ரெண்டரை மடங்கு வீரியம். ஊசி மட்டும் பழைய சிவப்பு மூடி ஊசி, நாற்பதுக்கென்று கோடு போட்டது. இதில் எட்டு இழுத்தால்தான் அவருடைய இருபது.

இருபது இழுத்தால் ஐம்பது.

“இருவது போடு,” என்றார் அண்ணாச்சி. “எனக்கு வரவேண்டியதை ஒரு சொட்டு விடமாட்டேன். வாடகையும் சரி, மருந்தும் சரி.”

அவர் வாயாலேயே கேட்டுவிட்டார். சாட்சிக்குச் செண்பகம் நிற்கிறாள்.

 

ஊசியை மறுபடி பாட்டிலில் செருகினாள்.

பத்து. பதினைந்து.

இருபது.

குமிழியைச் சுண்டிவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

“சரியா இருக்கா அண்ணாச்சி? நல்லா பாத்துக்கிடுங்க.”

“ம். இப்ப சரி. நாலு வார்த்தை சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்கும்.”

பஞ்சால் துடைத்தாள். ஸ்பிரிட் வாடை எழுந்தது. வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் வழக்கம்போல் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் சதையை விட்டாள்.

அவருடைய வலதுகையைப் பிரித்து, ஊசியை அதில் வைத்தாள்.

“நீங்களே குத்திக்கிடுங்க.”

“என்ன விளையாட்டு இது?”

“விளையாட்டு இல்ல அண்ணாச்சி. இந்த மருந்து பழசை விட ரெண்டரை மடங்கு. எட்டுக் கோடு போட்டா உங்க இருவது. நீங்க கேட்ட இருவதுக் கோடு போட்டா அம்பது. கொஞ்ச நேரத்துல கை நடுங்கும். வேத்து ஊத்தும். பேச்சு குழறும். கண்ணு சொருகும். ஐயா தூங்குதாருன்னு அக்கா பேசாம இருந்துருவாங்க.”

பாட்டிலைச் செண்பகத்திடம் நீட்டினாள்.

செண்பகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

“நூறுன்னுதாங்க போட்டிருக்கு.”

இப்போது சிரிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு அந்த ஊசியைப் பிடிக்கவும் தெரியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை. மேலே பட்டுவிடாமல் கையை எட்ட நீட்டிக்கொண்டிருந்தார். தூக்கிய சட்டை தூக்கியபடியே இருந்தது. நெற்றியில், மருந்து எதுவும் ஏறாமலே, வேர்வை முத்து முத்தாக நின்றது.

“எட்டே போடும்மா.”

“எவ்வளவு?”

“எட்டு.”

“அக்காவுக்குக் கேக்கல.”

“எட்டு!”

அவள் கை நீட்டவில்லை.

தட்டில் இட்லியின் ஆவி அடங்கியிருந்தது. ஊசி போடாமல் சாப்பிடக் கூடாது. பசி தாங்காத உடம்பு. அவர் தட்டைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“இட்லி ஆறுது,” என்றாள் செண்பகம், புருஷனிடம். “பேச வேண்டியதைப் பேசித் தொலைங்களேன்.”

தெருமுனையில் டவுன்பஸ் ஹாரன் அடித்தது. அவள் டூட்டிக்குப் போகும் பஸ். அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான். பத்து நிமிஷம் பிந்தினாலே ஆஸ்பத்திரியில் அரைநாள் சம்பளம் வெட்டு.

பஸ் நின்றது. கிளம்பியது. சத்தம் தேய்ந்து மறைந்தது.

போகட்டும்.

“அந்த வாடகை விஷயம்…” என்று அண்ணாச்சி மெல்ல ஆரம்பித்தார்.

அவள் கூடத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிவந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த வீட்டில் உட்கார்ந்தாள்.