ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படகு

"இதெல்லாம் ஒரு படகு, இவனெல்லாம் ஒரு கேப்டன்!"

காலையிலிருந்து மாமனார் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. பார்த்த படகும் மூன்றாவதுதான்.

படகுத்துறையில் கூடவே நடந்த மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. மாமனாரை மறுத்துப் பேசும் தைரியம் வர இன்னும் நாள் பிடிக்கும்.

விஷயம் இதுதான். கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், முப்பது மீட்டர் ஆழத்தில், ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அதற்குள்ளேயே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவதாக மாமனார் வீடு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டவே மாப்பிள்ளைக்குப் பயம். "நான் இருக்கேன்ல!" என்று முதுகில் தட்டியே சம்மதிக்க வைத்திருந்தார்.

முதல் படகில் இருக்கை கிழிந்திருந்ததாம். இரண்டாவது படகின் கேப்டனுக்கு ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கியதாம். "இவனையே யாராவது தூக்கணும். இவன் எங்கே நம்மளைத் தூக்கறது?"

மூன்றாவது படகில் பெயின்ட் பாதி உரிந்து தொங்கியது. சாயம் போன சட்டையோடு உட்கார்ந்து ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த கேப்டன், எழுந்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. அதிலேயே மாமனாருக்குப் பாதி எரிச்சல்.

"ஞாயித்துக்கிழமை சரக்குக் கப்பலுக்குப் போகணும். நாங்க ரெண்டு பேரு."

"போலாங்க. வெளியில சுத்திப் பாக்கவா, உள்ளே போகவா?"

"வெளியில நின்னு வேடிக்கை பாக்க நான் என்ன புதுசா? உள்ளே, இன்ஜின் ரூம் வரைக்கும். வழியெல்லாம் எனக்கு அத்துப்படி."

"அப்போ ரெண்டு பேரோட லாக் புக்கும் காட்டுங்க."

எந்தக் கடல், எவ்வளவு ஆழம், எந்தப் படகு என்று கடலுக்குள் மூழ்கிய ஒவ்வொரு டைவையும் எழுதி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கி வைக்கிற நோட்டு அது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? இருபது வருஷமா கடல்ல கெடக்கறவன்கிட்ட நோட்டு கேக்கறான்!"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க."

மாமனாருக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. ஆனால் மாப்பிள்ளை தன்னுடைய நோட்டை அதற்குள் நீட்டிவிட்டாரே! வேறு வழியில்லாமல் அவரும் பையிலிருந்து எடுத்து, வீசாத குறையாகக் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் நோட்டில் ஒன்பதே டைவ். கேப்டன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பிறகு மாமனாரின் தடித்த நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. அடுத்த பக்கத்தையும் பார்த்தார். தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை முடியாது. இன்ஜின் ரிப்பேர்."

"இப்பத்தானேய்யா போலாம்னே?"

"மறந்துட்டேங்க."

"இன்ஜின் கெட்டுப்போனதையே மறந்துடற கேப்டன்! கடலுக்குள்ளே எங்களை இறக்கிவிட்டுட்டு, அதையும் மறந்து வீட்டுக்குப் போயிடுவே. ஓட்டை டப்பாவை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குய்யா இந்தப் பொழைப்பு?"

மாப்பிள்ளைக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. "விடுங்க மாமா, போலாம்" என்றார்.

"நீங்க போய் காரை எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை. இவனை நல்லா நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

மாப்பிள்ளை போனதும் மாமனார் படகின் விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டார்.

"யாருக்குக் காதுல பூ சுத்தறே? அரைமணிக்கு முன்னாடி இதே படகுல நாலு பேரைக் கொண்டுவந்து இறக்கினியே, அப்போ எங்கே போச்சு உன் ரிப்பேர்?"

மாப்பிள்ளை கார் பக்கம் போய்ச் சேரும்வரை கேப்டன் பொறுத்திருந்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தபடி, மெதுவான குரலில் சொன்னார்.

"போன வருஷம் மட்டும் அந்தக் கப்பலுக்குள்ளே பதினோரு டைவ் போட்டதா எழுதியிருக்கீங்க. பதினொண்ணும் 'நீலப்புறா' படகுல. நீலப்புறா என்னோட பழைய படகுங்க. அதை உடைச்சு வித்து நாலு வருஷம் ஆச்சு. கையெழுத்தும் என்னோடது இல்லை."

மாமனார் ஊன்றியிருந்த காலை எடுத்துக்கொண்டார். டைவிங் கிளப் சுவரில் தொங்கிய ஏதோ ஒரு பழைய போட்டோவில் பார்த்துப் பொறுக்கிய பேர் அது. அந்தக் கப்பலை அவர் மேலிருந்துகூடப் பார்த்ததில்லை.

"உள்ளே கும்மிருட்டுங்க. வழி தப்பினா சிலிண்டர்ல இருக்கற காத்து தீர்றவரைக்கும்தான் உசுரு. உங்களை நம்பி அந்தத் தம்பி பின்னாடியே வருவாரு. வேற படகு ஏதாச்சும் பிடிச்சுடாதீங்க."

"இல்லை... போகலை." அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. "இவ்வளவு தெரிஞ்சும்... நான் அத்தனை பேச்சு பேசினேனே, மாப்பிள்ளை எதிர்லயே போட்டு உடைச்சிருக்கலாமே?"

கேப்டன் மறுபடி குழாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உடைச்சிருந்தா, நாளைக்கு உங்க பொண்ணு வீட்டு வாசப்படியை நீங்க எப்படி மிதிப்பீங்க? கெட்ட பேரு என் இன்ஜினுக்கே இருக்கட்டுங்க. அதுக்கு என்ன, மாப்பிள்ளை இருக்கா, சம்பந்தி இருக்கா?"