முன்வாசலில் நின்ற ஆட்டம்

காணாமல் போவதற்கு முன் சேசுராஜ் எழுதிய அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். அதைப் பழைய புரோகிராம்களை ஓட்டும் எமுலேட்டர் போட்டு லேப்டாப்பில் ஓடவைத்துக் கொடுத்தவன் அவர் தம்பி பிரகாஷ். சேசுராஜின் மனைவி ஷீலா ஒன்றும் டைப் அடிக்காமலே ஆட்டம் தானாக நகர்ந்தது. முதலில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக எழுத்து வந்தது. அப்புறம் பள்ளத்தூருக்குப் பாதை பிரியும் விலக்கு. சில வாரங்களாக அவர்கள் வீட்டு முன்வாசல். அதற்குக் கீழே இருந்த வரி மட்டும் திரையின் அடியில் வெட்டுப்பட்டு, எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது.

“பழைய கேமு மதினி, புது ஸ்கிரீனுக்கு ஒத்துக்கல. ஏன் இப்புடிக் கெடந்து அல்லாடுறீக?” என்றான் பிரகாஷ்.

“அந்த ஒத்த வரி தெரிஞ்சாப் போதும் தம்பி.”

சோறு தண்ணியில்லாமல் எழுத்தின் அளவையும் திரையின் உயரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு மத்தியானம் திரை துடித்து, வரி முழுசாக மேலே ஏறியது.

‘தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. திரும்பிப் போகிறேன்.’

ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு அது. அவர் போனதிலிருந்து புழக்கமெல்லாம் பின்வாசலில்தான். முற்றம் தாண்டி ஓடி முன்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். தெருவில் யாரும் இல்லை. கதவின் வெளிப்பக்கம், நின்று தட்டும் உயரத்தில், தேக்கு ஒரு கையளவுக்குக் குழிந்து தேய்ந்திருந்தது.