உள்ளான் உட்கார்ந்த மூலை

தகரத்தைத் தட்டிக்கொண்டே பேச்சியம்மா ஊற்றுப்பள்ளத்துக் கோரைக்குள் இறங்கினாள். ஒரு குருவிகூடக் கிளம்பவில்லை.

கரையில் தோட்டத்துத் துரை நின்றார். பக்கத்தில், கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்க, கொழும்பிலிருந்து வந்த பெரிய ஐயா. அவர்களுடைய இங்கிலீசைத் தமிழாக்கிச் சொல்ல, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு அலோசியஸ்.

போன தை மாதம் இதே ஐயா வந்துதான், கூலியாட்களின் லயத்து மாடுகள் மிதித்து இந்த ஊற்றுப்பள்ளம் பாழாகிறது, சுற்றி முள்கம்பி அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மலை முழுக்கக் காட்டை வெட்டித் தேயிலை வைத்தபோது பாழாகாத பள்ளம், நாலு மாடு மிதித்துப் பாழாகிவிட்டதாம்.

துரையும் கம்பி அடித்தார். தோட்டத்தில் வேறு புல் எங்கே இருக்கிறது? தேயிலையை மாடு தின்னுமா? ஒவ்வொரு வீட்டு மாடும் நோர்வூட் மாட்டு வியாபாரி மக்பூல் முதலாளியிடம் விலைக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சம் பேச்சியம்மாவின் சிவப்பி மட்டும்தான். புருஷன் நெஞ்சுச் சளியோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் லயத்துக்குமாக அலைகிறவன். சிவப்பியின் பாலை விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இன்றைக்குப் பள்ளம் தேறிவிட்டதா என்று பார்க்கப் பெரிய ஐயா வந்திருக்கிறார். சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளான் குருவி உட்கார்ந்திருந்தால் தேறிவிட்டது என்று அர்த்தமாம். அதைப் பார்க்க ஐயா இறங்கமாட்டார், சப்பாத்து கெட்டுப்போகும். பேச்சியம்மாவின் வெறுங்கால் கெட்டுப்போகாது.

"தேறிருச்சுன்னா வேலிய எடுத்துருவாங்க. நல்லாத் தட்டு" என்று காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அலோசியஸ் சொல்லியிருந்தார்.

நல்லாத்தான் தட்டினாள். கோரை ஆளுயரம் வளர்ந்து, பழுத்து, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்குள் குருவி எங்கே கால் வைக்கும்?

ஐயாவின் முகம் தொங்கிப்போனது. இன்னும் ஒரு வருஷம் வேலி இருக்கட்டும், பிறகு வந்து பார்க்கலாம் என்கிறார் என்று அலோசியஸ் கரையிலிருந்து சொன்னார்.

இன்னும் ஒரு வருஷம்.

கிழக்கு மூலை ஒன்றுதான் பாக்கி. அந்தப் பக்கம் இவர்களைக் கூட்டிப்போக அவளுக்கு விருப்பமே இல்லை. வேறு வழி தெரியாமல் திரும்பி நடந்தாள். அவர்களும் கரையோடு வந்தார்கள்.

அங்கே புல் கட்டையாக இருந்தது. இடையிடையே சேறு திறந்து கிடந்தது. ஒரே ஒரு தட்டுத்தான். காலடியிலிருந்து விர்ரென்று ஒன்று, பின்னாலேயே ஒரு கூட்டம், கோணல்மாணலாக மேலே பறந்தது.

ஐயா சப்பாத்தை மறந்து சேற்றில் இறங்கி ஓடிவந்தார். அண்ணாந்தபடியே கை தட்டினார். கீழே குனிந்து பார்க்கவேயில்லை.

"அதான் குருவி வந்துருச்சுங்களே. வேலிய எப்பங்க புடுங்குவாங்க?"

அலோசியஸ் கேட்டுச் சொன்னார். வேலி போட்டதால்தானே குருவி வந்தது, இனி எடுக்கவே கூடாது, இன்னொரு வரி கம்பி அடிக்கவேண்டும் என்றாராம்.

குருவி இல்லையென்றால் வேலி இருக்கவேண்டும். இருந்தால், வேலி இருந்தே ஆகவேண்டும். இதைச் சொல்லத்தான் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டுக் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார் மகராசன்.

வேலியின் மகிமையைப் பேசிக்கொண்டே ஐயா சப்பாத்தைப் புல்லில் தேய்த்தார். பச்சைச் சாணி. சேறு என்று நினைத்தார் போல. அலோசியஸ் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுத் தேத்தண்ணிக்கும் சிவப்பியின் பால்தான்.

மூலைக் கம்பி தொய்ந்து கிடப்பது துரையின் கண்ணில் பட்டது. இன்றைக்கே இறுக்கவேண்டும், இந்தப் பொம்பளையே கட்டட்டும், ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போட்டுவிடு என்று அலோசியஸிடம் சொல்லிவிட்டு ஐயாவோடு பங்களாவுக்கு ஏறினார்.

அவளுக்குப் பழகிய முடிச்சுத்தான். வேலி வந்த நாளிலிருந்து விடியுமுன் அவிழ்ப்பாள். சிவப்பி மேய்ந்து முடித்ததும் கட்டுவாள்.

இன்றைக்கு இனி அவிழாதபடி முறுக்கினாள். முள் விரலைக் கிழித்தது.

அடுத்த தையில் வரட்டும். இந்த மூலையிலும் கோரை ஆளுயரம் நிற்கும். மகராசனே இறங்கித் தகரம் தட்டிக்கொள்ளட்டும்.

அதற்கு முன்னால், மக்பூல் முதலாளிக்கு ஆள் சொல்லி அனுப்பவேண்டும்.