பதினாலு வருஷத்து மெஷின்

சென்னைக் கப்பல் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. காலை பதினொரு மணிக்கு ஆன்லைன் தேர்வு. அனுசியா அதற்காக ஆறு மாதம் படித்திருந்தாள்.

“என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் உங்க புது லேப்டாப்பக் குடுத்துட்டுப் போங்களேன். கண்ண மூடித் திறக்கதுக்குள்ள ஓப்பனாகுது.”

“ஏளா, அது ஹார்பர் ஆபீஸ் மெஷினு. வெளியாளு தொட்டா என் வேலை போயிரும்,” என்றான் கணவன் ராஜபாண்டி. “நம்ம பழசு என்ன மோசமா? பதினாலு வருஷமா உழைக்கி.”

பழைய லேப்டாப் திறக்கவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. மூன்றாவது கேள்வியில் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி உயிர் வந்தபோது தேர்வு நேரம் முடிந்திருந்தது.

மாலையில் ராஜபாண்டி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

“மெஷினு கிழடாயிட்டு. அதுக்கு நீ என்ன செய்வ? நமக்குக் குடுத்துவைக்கல, விடு,” என்று கண்ணைத் துடைத்துவிட்டான்.

மறுநாள் அவளே லேப்டாப்பை முத்தையாபுரத்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனாள்.

“அண்ணாச்சி, இது இனி தேறுமா?”

கடைக்காரர் லேப்டாப்பைப் பார்த்ததும் சிரித்தார். “ராஜபாண்டி வீட்டுதானே? நல்ல மெஷினும்மா. புதுசு மாதிரி பறக்காது, ஆனா ஒரு நிமிஷத்துல ஓப்பனாயிரும்.”

மேசை டிராயரிலிருந்து ஒரு கவரைப் பிரித்து, விரல் நீளச் சில்லு ஒன்றை எடுத்தார்.

“பாதி ரேமைக் கழட்டி வச்சா எப்படி ஓடும்? முந்தாநாளு அவருதான் வந்து கழட்டச் சொன்னாரு.”

ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே கேட்டார்: “பரீட்ச முடிஞ்சிட்டாம்மா? முடிஞ்ச பொறவு மாட்டினாப் போதும்னாரு.”